உப்புக்குளத்தின் எடை

பெருநகரம் தன் மக்கள் எப்படி இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்ட வருஷத்தில், வடக்குக் கோடியில் ரயில் யார்டுக்கும் சாம்பல் கொட்டும் திடலுக்கும் நடுவே நசுங்கிக் கிடக்கும் உப்புக்குளத்துக்குக் கேள்வித்தாள் கட்டோடு சகாயமேரியை அனுப்பினார்கள். அனுப்பினார்கள் என்று சொல்வதுகூடத் தப்பு. அவள் அந்த ஊர்க்காரிதான், ஐந்தாவது தெருவில் தகரக் கதவு போட்ட வீடு, மகளிர் குழுவில் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று பேரெடுத்தவள் என்பதால் வேலை தானாக வந்து அவள் மடியில் விழுந்தது. இருநூறு வட்டாரம், வட்டாரத்துக்கு ஓர் ஆள், வீட்டுக்கு ஒரு தாள், தாளுக்கு முப்பத்தெட்டுக் கேள்வி. உடம்பு எப்படி, மூச்சு எப்படி, தூக்கம் எப்படி, தண்ணீர் எப்படி, பக்கத்து வீட்டோடு பேச்சுவார்த்தை எப்படி என்று ஒருவர் விடாமல் கேட்டு வா என்றார்கள். பதினெட்டு நாளில் நானூற்றுப் பன்னிரண்டு வாசல் ஏறி இறங்கினாள் மேரி.

ஆனால் உப்புக்குளத்துக்கு என்று எழுதாத ஒரு சட்டம் உண்டு. வெயிலில் நடந்து வந்து வாசலில் நிற்கிறவரிடம் தன் நோவைச் சொல்லி அவர் மனசைக் கலைக்கக் கூடாது. வந்தவருக்கு முதலில் ஒரு சொம்புத் தண்ணீர், பிறகு பிளாஸ்டிக் நாற்காலி, பிறகு ‘நல்லாக்கீறோம்மா’ என்ற பதில், இந்த வரிசை மாறவே மாறாது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது எதிர்வீட்டுக்காரர் விசாரித்தால்கூட, மூக்கில் குழாயோடு கையை ஆட்டி நல்லாக்கீறேன் என்று சொல்லிவிட்டுப் போன மனிதர்கள் அங்கே உண்டு. அதில் இரண்டு பேர் திரும்பி வரவில்லை.

மூன்றாவது தெருவில் மீன் விற்கிற பூங்காவனத்திடம் மேரி கேட்டாள்.

“இன்னா பூங்காவனம், உடம்பு எப்பிடிக் கீது?”

“எனக்கு இன்னாக்கா, குத்துக்கல்லாட்டம் கீறேன். நீ மொதல்ல டீயக் குடி, ஆறிடப் போவுது.”

சேலைக் கரைக்குக் கீழே அவளுடைய இரண்டு பாதங்களும் பாலில் ஊறிய பன் மாதிரி உப்பியிருந்தன. மேரி பார்த்தாள். பார்த்துவிட்டு ‘நலம்’ என்று எழுதினாள். சொன்னதை மட்டும் எழுத வேண்டும், சொந்த அபிப்பிராயம் கூடாது என்று பயிற்சி வகுப்பில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். அப்படியே நானூற்றுப் பதினோரு வீட்டுக்கும் நலம், நலம், நலம் என்று எழுதிக்கொண்டே வந்து கடைசியாகத் தன் வீட்டுத் தாளைத் தானே நிரப்பினாள். எதிரே அவள் புருஷன் ஞானப்பிரகாசம், ஒரு காலத்தில் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன், சர்க்கரைப் புண் ஆறாத காலை முக்காலிமேல் நீட்டி உட்கார்ந்திருந்தான். அந்தக் காலில் ஏற்கெனவே இரண்டு விரல் கிடையாது. அதற்கும் அவள் நலம் என்றே எழுதினாள்.

இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. நகரத்தின் படத்தில் மற்ற வட்டாரமெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாகக் கிடக்க, உப்புக்குளம் மட்டும் பச்சைப் பசேலென்று வாழையிலைத் துண்டாக மின்னியது. எல்லா வட்டாரத்திலும் நலத்தில் முதலிடம் உப்புக்குளம். பையன்கள் சரவெடி வைத்தார்கள், முனையில் பேனர் ஏறியது, பேனரில் மேரியின் படத்தையும் போட்டு ஒரு ரோஜாப்பூவை ஒட்டினார்கள். அந்தச் சந்தோஷம் பதினோரு நாள் நீடித்தது. பன்னிரண்டாம் நாள் ஒரு கடிதம் வந்தது. உப்புக்குளத்து மக்கள் இவ்வளவு நலமாக இருப்பதால், அங்குள்ள சுகாதார நிலையம் மாதக் கடைசியில் அதிகத் தேவையுள்ள வேறு வட்டாரத்துக்கு மாற்றப்படும் என்றது கடிதம்.

கணக்குப்படி பார்த்தால் அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மேரி அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். சின்ன ஆஸ்பத்திரி என்று ஊரே சொல்லும் அந்த மூன்று அறைக் கட்டடத்தில்தான் ஞானத்தின் காலுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றுகிறார்கள். முன்பு வெள்ளம் புகுந்து அது ஐம்பது நாள் மூடிக் கிடந்தபோதுதான் அந்த இரண்டு விரலும் போயின. இனி அது யார்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் இரண்டு பஸ் மாறி, மேம்பாலம் ஏறி இறங்கிப் போகவேண்டும். ஒரு காலை வைத்துக்கொண்டு அவன் எத்தனை நாள் போவான்? கால் போய்விடும். தன் கையெழுத்தாலேயே தன் புருஷன் காலை எடுத்துவிட்டோம் என்று அவள் அடுப்படியில் சுவரைப் பார்த்து நின்று அழுதாள். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு, போய்க் கேட்டுவிடுவோம் என்று அலுவலகம் கணக்கெடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்து, பரணுக்குக் கீழே பெஞ்சில் வைத்திருந்த கேள்வித்தாள் கட்டைத் தூக்கப் போனாள்.

கட்டு வரவில்லை. நனைந்திருக்கும் என்று நினைத்துத் தொட்டுப் பார்த்தாள், காய்ந்துதான் இருந்தது. பெஞ்சின் நான்கு கால்களும் சிமெண்டுத் தரையில் அரை விரல் ஆழம் இறங்கியிருந்தன. கட்டைப் பிரித்து ஒவ்வொரு தாளாக எடுத்தாள். சில தாள் தாளாகவே இருந்தது, சில தாள் தண்ணீர்க் குடமாகவும் சில தாள் அம்மிக்கல்லாகவும் கனத்தது. பூங்காவனத்தின் தாளை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, முனையில் பழைய பேப்பர் கடை வைத்திருக்கும் மஸ்தான் பாயிடம் போனாள். ஊரில் பேப்பருக்கு எடை பார்க்கத் தெரிந்தவர் அவர்தானே.

பாய் தாளைத் தராசுத் தட்டில் வைத்தார். முள் ஒன்பதரைக் கிலோவில் போய் நின்றது. தாளை இறக்கிவிட்டுப் படிக்கல்லை வைத்துப் பார்த்தார், மறுபடி தாளை வைத்தார்.

“தராசு கரீக்டாத்தான் கீது மேரி. தாளுதான் பேஜாரு. முப்பது வருசமா பேப்பர் எட போடறேன், இந்த மாதிரி சரக்கு வந்ததில்ல.”

மதியத்துக்குள் விஷயம் ஐந்து தெருவுக்கும் தெரிந்துவிட்டது. யாரும் சாமி என்றோ பேய் என்றோ சொல்லவில்லை, என் தாள் எவ்வளவு என்றுதான் கேட்டார்கள். பாய் கடை வாசலில் ரேஷன் கடையைவிட நீளமாக வரிசை நின்றது. முதலில் எடை அதிகமுள்ளவர்கள் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள், எடை குறைந்தவர்கள் கல்யாண வீட்டு வாசலில் நிற்கிறமாதிரி நின்றார்கள். நாலாம் நாள் நிலைமை தலைகீழானது. இவ்வளவு கனத்தையும் வைத்துக்கொண்டா சிரித்துக்கொண்டு நடமாடினாய் என்று கனத்த தாள்காரர்களுக்கு மதிப்பு ஏறி, லேசான தாள்காரர்களை ஊரே ஒருமாதிரி பார்த்தது. தரகர் ஒருவர் மாப்பிள்ளை வீட்டுத் தாளின் எடையை விசாரிக்க ஆரம்பித்தார். இரண்டாவது தெருவில் ஒருவர் ரோஷப்பட்டுத் தன் தாளைக் கொளுத்திவிட, ஒரு பிடிச் சாம்பல் பதினான்கு கிலோ இருந்தது. அவரும் அவர் மச்சானும் அதை ஒரு தகர டின்னில் போட்டு இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கிக்கொண்டு திரும்ப வந்தார்கள்.

தாளின் கனம் இறங்குகிற வழியைக் கண்டுபிடித்தவள் பூங்காவனம்தான், அதுவும் எரிச்சலில். தராசின் முன்னால் நின்று முள்ளையே முறைத்துக்கொண்டிருந்தவள், யாரிடமும் இல்லாமல் முணுமுணுத்தாள்.

“கால் வீங்கி மூணு மாசமாச்சு. பாதம் மரத்துப்போயி செருப்பு நழுவனாக்கூடத் தெரில. இத்த யாராண்ட போயி சொல்றது.”

முள் இரண்டு கிலோ இறங்கியது. கூட்டம் மொத்தமும் அதைப் பார்த்தது. பூங்காவனம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கிட்டப் போய், மகன் வேலையில்லாமல் இருப்பதை, கூடையைத் தலையில் தூக்கினால் கண் இருட்டிக்கொண்டு வருவதை, இன்னும் மனசில் கிடந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ என்று இறங்கி, கடைசியில் காற்றடித்து அந்தத் தாள் தட்டிலேயே புரண்டது. அவள் மூன்று மாதத்தில் முதல்முறையாக நிம்மதியாக ஒரு மூச்சு விட்டாள்.

அதன் பிறகு தராசிடம் பேச வருகிறவர்களுக்குக் குறைவில்லை. பாய் கூச்சப்பட்டு ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். மேரி மட்டும் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, எந்த வீடு, எத்தனை கிலோ, எந்த வார்த்தைக்கு எத்தனை இறங்கியது என்று எழுதினாள். பயிற்சி வகுப்பில் யாரும் சொல்லித்தராததை அவளுடைய கையே கற்றுக்கொண்டது. ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் ஐந்து தெருவையும் வரைந்து கிலோவைக் குறிக்கக் குறிக்க, இத்தனை வருஷம் கூடவே இருந்தும் அவள் பார்க்காத உப்புக்குளம் மெல்ல எழுந்து வந்தது. சாம்பல் திடலை ஒட்டிய இரண்டாவது தெருவில் வீட்டுக்கு நாலு கிலோ, எல்லாம் ‘மூச்சு’ என்ற சொல்லுக்கு இறங்கியது. குழாயடி பக்கத்தில் எல்லாம் வயிறு. நாலாவது தெருவில் பெண்கள் பேசியபோது மட்டும் இரண்டிரண்டு கிலோ இறங்கியது, ஏனென்றால் பொதுக் கழிப்பறைக்குக் கதவு இல்லை. தனித்தனியே வெட்கமாக இருந்தது எல்லாம் தெருவாகச் சேர்ந்தபோது வெட்கமாக இல்லை, கோபமாக இருந்தது.

அந்தக் கோபத்தில்தான் மேரிக்குச் சட்டென்று உறைத்தது. எல்லாரும் இப்படிப் பேசித் தீர்த்துவிட்டால் தாளெல்லாம் லேசாகிவிடும், பிறகு அலுவலகத்தில் கொண்டுபோய் எதைக் காட்டுவது? வரிசை முன்னால் போய் நின்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

“யாரும் இனிமே பேசாதீங்க. ஆபீசுல மனு குடுக்கற நாளு வர்ற வரைக்கும், இருவது நாளு தாக்குப் பிடிங்க. கனத்தோட தூக்கினு போயி அவங்க மேசமேல வெக்கணும்.”

“இன்னா மேரிக்கா, இப்பத்தான் வாயத் தொறந்தோம், மறுபடியும் மூடுன்றியே” என்றாள் பூங்காவனம்.

“உன்து எறங்கிடுச்சி, நீ பேசுவ. என் வூட்டுத் தாளு முப்பத்தோரு கிலோ பூங்காவனம். நான் இன்னும் ஒரு வார்த்த பேசல.”

ஊரிலேயே அதுதான் கனமான தாள் என்பது அன்றுதான் எல்லாருக்கும் தெரிந்தது. அதற்கப்புறம் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. ஒருமுறை இறக்கி வைத்த சுகத்தைப் பார்த்துவிட்டுத் தூக்கிச் சுமப்பது முன்பைவிடக் கஷ்டம்தான், இருந்தாலும் இருபது நாள் உப்புக்குளம் உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தது.

குறித்த நாளில் காலை பத்து மணிக்கு உப்புக்குளம் கிளம்பியது. மீன் வண்டி, தண்ணீர் வண்டி, பாயின் மூன்று சக்கர வண்டி எல்லாவற்றிலும் ஆளுக்கொரு தாள் அடுக்கி, முந்நூறு பேர் தள்ளிக்கொண்டும் இழுத்துக்கொண்டும் யார்டைச் சுற்றி, மேம்பாலம் ஏறி, நகரத்தின் நடுவே நலவாழ்வு அலுவலகத்தின் வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். ஒற்றைத் தாளை நாலு பேர் சேர்ந்து இறக்குவதைப் பார்த்து டிராஃபிக் போலீஸ்காரர் ஒன்றும் கேட்காமல் வழி விட்டார். லிப்ட்டில் ஐந்து தாளை வைத்ததும் அது கூவி நின்றுவிட்டது. மூன்று மாடியும் படியேறினார்கள். பாயின் தராசை இரண்டு பேர் தூக்கினார்கள், ஞானத்தை நாற்காலியோடு நாலு பேர் தூக்கினார்கள். அவனும் தன்னைத் தூக்குகிறவர்களைப் பார்த்து, பழைய தொழில்காரன் என்ற முறையில், தோளைக் கொடு, இடுப்பைக் கொடுக்காதே என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

இணை இயக்குநர் கோதண்டபாணி கெட்ட மனிதரில்லை. கணக்கைத் தவிர வேறெதையும் நம்பிப் பழகாத மனிதர். கூட்டத்தைப் பார்த்ததும் எழுந்து நின்று, மரியாதையாகத்தான் விசாரித்தார்.

“வாங்கம்மா, எல்லாரும் நல்லா இருக்கீங்களா?”

முந்நூறு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். “நல்லாக்கீறோம் சார்.”

சொன்ன மாத்திரத்தில் ஒவ்வொரு தாளும் ஒரு கிலோ ஏறியது. தரை முனகியது. பின்வரிசையில் இரண்டு பேர் தாளோடு சேர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். வாயைப் பொத்திக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள், ஆனாலும் அந்நியர் ஒருவர் எழுந்து நின்று கேட்டபின் வேறெப்படிச் சொல்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

“அப்புறம் என்னம்மா பிரச்சனை?” என்றார் கோதண்டபாணி.

மேரி முன்னால் வந்தாள். தன் தாளைத் தராசில் வைக்கச் சொன்னாள். முப்பத்திரண்டு காட்டியது. ஞானம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான், அதுதான் அவளுக்கு எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது.

“சார், நான் நல்லா இல்ல. கேள்வி கேட்டு எழுதனவளே நான்தான். எந்த வூட்டுலயும் நலம் இல்லன்னு எனக்குக் கண்ணுக்குத் தெரிஞ்சுது, தெரிஞ்சே நலம்னு எழுதனேன். என் புருசனாண்ட புண்ணு ஆறிட்டு வருதுன்னு தெனமும் சொல்றேன். ஆறல சார். நடு நாளுல வூட்டுல நானே கட்டப் பிரிக்கும்போது வாசன வெளிய போயிடுமோன்னு கதவச் சாத்திட்டுத்தான் பிரிக்கறேன். சின்ன ஆஸ்பத்திரி போச்சுன்னா இவன் காலு போயிடும். காலு போன பொறவு இவன் மூஞ்ச எப்பிடிப் பாக்கறதுன்னு எனக்குத் தெரில. பதினெட்டு நாளு எல்லாரையும் கேட்டேன், என்னிய யாருமே கேக்கல.”

முள் இறங்கிக்கொண்டே வந்தது. அவள் நிறுத்தியபோது நாலு கிலோவில் நின்றது. ஞானம் நாற்காலியிலிருந்து எட்டி அவள் கையைப் பிடித்தான்.

“ஆறலன்னு எனக்குத் தெரியும் மேரி. எனக்கில்லாத மூக்கா. நீ கஷ்டப்படுவியேன்னு நானும் ஆறுதுன்னே சொல்லிக்கினு இருந்தேன்.”

முள் பூஜ்யத்துக்கு வந்தது. அவ்வளவுதான், பிறகு யாரையும் தூண்டவேண்டியிருக்கவில்லை. ஒருவர் பின் ஒருவராகத் தராசின் முன் வந்து நின்று, கோதண்டபாணியைப் பார்த்தே, மூச்சைச் சொன்னார்கள், வயிற்றைச் சொன்னார்கள், கதவில்லாத கழிப்பறையைச் சொன்னார்கள், சாப்பிடாமல் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைச் சொன்னார்கள். சொல்லச் சொல்ல முள் இறங்க, மேரி காலண்டர் தாளை மேசைமேல் விரித்து, எந்தத் தெருவில் எது எத்தனை கிலோ என்று விரல் வைத்துக் காட்டினாள். கோதண்டபாணி தன் பச்சைப் படத்தையும் அவளுடைய பென்சில் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மதியச் சாப்பாட்டை மறந்தார். மூன்று மணிக்குப் பேனாவைத் திறந்து, உப்புக்குளத்து மக்களின் கோரிக்கை பரிசீலிக்கப்படும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

வாங்கிய ஊழியரின் கையிலிருந்து அது தொப்பென்று விழுந்து தரை ஓடு ஒன்றை உடைத்தது. பாய் இரண்டு கையாலும் எடுத்துத் தராசில் வைத்தார்.

“பதினோரு கிலோ சார்” என்றார் தொழில்முறையாக.

அதிகாரி முகம் சிவந்து, அதைக் கிழிக்கப் பார்த்தார், முடியவில்லை. இன்னொரு தாளில், விரைவில் ஆவன செய்யப்படும் என்று எழுதினார். அது ஒன்பது கிலோ. பூங்காவனம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். மூன்றாவது தாளில் அவர் நேராகவே எழுதினார். சுகாதார நிலையம் உப்புக்குளத்திலேயே இருக்கும், இன்னொரு டாக்டர் வருவார், கழிப்பறைக்குக் கதவு, சாம்பலுக்குத் தடுப்பு, எல்லாவற்றுக்கும் தேதி. பாய் அதையும் வாங்கித் தராசில் வைத்தார். முள் இரண்டு கிலோவில் போய் நின்றது, அதற்குக் கீழே இறங்கவில்லை.

“இன்னும் ஏதோ கீது சார்” என்றாள் மேரி. மிரட்டலாக அல்ல, வாசலில் உட்கார்ந்து வீட்டுக்காரரிடம் கேட்கிற குரலில் கேட்டாள். “நீங்க எப்பிடிக் கீறீங்க?”

கோதண்டபாணி பேனாவை மூடி வைத்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“எனக்குப் பயமா இருக்கும்மா. மேலிடத்துல முதலிடம் உப்புக்குளம்னு நான்தான் மேடையேறிச் சொன்னேன். இப்ப அது தப்புன்னு நானே போய்ச் சொல்லணும்.”

“சொல்லுங்க சார், நாங்க கூட வர்றோம்” என்றான் ஞானம். “இன்னொரு மூணு மாடிதானே.”

அவர் சிரித்துவிட்டார். சிரித்த அந்தக் கணத்தில் உத்தரவுத் தாள் வெறும் தாளாகி, மின்விசிறிக் காற்றில் தட்டிலிருந்து எழும்பி, முந்நூறு தலைக்கு மேலே வட்டமடித்தது. பிடிடா பிடிடா என்று மொத்தக் கூட்டமும் அதன் பின்னால் ஓடியது. கிழவர்கள் ஓடினார்கள், மூச்சு இரைக்கிற இரண்டாவது தெருக்காரர்கள் ஓடினார்கள், செருப்பு நழுவியதுகூடத் தெரியாமல் பூங்காவனம் ஓடினாள், ஓடியவர்களில் இணை இயக்குநரும் ஒருவர். நாற்காலிமேல் ஏறி அதை எட்டிப் பிடித்தவள் மேரி.

வெள்ளிக்கிழமை அது ஆறாவது மாடியில் முத்திரை வாங்கியது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, உப்புக்குளம் சின்ன ஆஸ்பத்திரியில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டே ஞானப்பிரகாசத்தின் காலுக்குக் கட்டு மாற்றினார்கள்.